யார் வந்திருக்கிறார்கள் என்று உள்ளே சொல்வது யார்? சொந்த வலைச் சர்வரை ரிவர்ஸ் பிராக்ஸியாக்கியதில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோவையிலிருந்து அக்கா அழைத்தார்.

"தம்பி, குழந்தையின் படம் எதுவுமே ஏறவில்லை. கடவுச்சொல்லைப் போட்டால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. உன் சர்வருக்கு என்ன ஆயிற்று?"

அடுத்த சில நிமிடங்களில் நாகர்கோவில் வீட்டிலிருந்து அம்மாவும் அதையே சொன்னார். சென்னையில் என் மடிக்கணினியிலும் அதே நிலைதான். உள்நுழைவுப் பக்கம் உடனே திறக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் அரை நிமிடம் போல எந்த அசைவும் இல்லை. சில வேளைகளில் அளவுக்கு மீறிய கோரிக்கைகள் வருவதாகச் சொல்லும் 429 என்ற பிழை. சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். பிராசசர் சும்மா இருந்தது, நினைவகத்தில் பாதி காலி, வட்டிலும் இடம் தாராளம். அதே இயந்திரத்தில் இருக்கும் என் கட்டுரைத் தளம் கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது. வேலையே இல்லாத சர்வர் ஏன் ஆளை வாசலில் நிறுத்திவைக்கிறது?

அந்தக் கேள்விக்கு விடை ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் விடையைத் திருத்திய பிறகுதான், பூட்டியிருப்பதாக நான் உறுதியாக நம்பிய இன்னொரு கதவு திறந்து கிடப்பது தெரிந்தது. இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள் என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

அமைப்பு இருந்த விதம்

பல ஆண்டுகளாக ஒரு சிறிய வாடகைச் சர்வரில் என் கட்டுரைத் தளம் இருக்கிறது. அதைப் பரிமாறுவது என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் மென்பொருள். பின்னர் அதே இயந்திரத்தில், குடும்பத்தின் படங்களுக்கும் நாட்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட், கடவுச்சொற்களுக்கு வால்ட்வார்டன் என்று இரண்டு சேவைகளை டாக்கர் கன்டெய்னர்களாக, அதாவது உள்வலையில் தனி முகவரி கொண்ட தனித்தனிப் பெட்டிகளாக, நிறுவினேன். நாகர்கோவில் வீட்டில் ஒரு சிறு கணினியில் வீடியோக்களுக்கு ஜெல்லிஃபின், வீட்டின் விளக்குகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ஹோம் அசிஸ்டன்ட்.

நான்கு சேவைகள், ஒரே ஐபி முகவரி, அவற்றுக்காக வெளியே தெரிய வேண்டிய போர்ட், அதாவது எண்ணிட்ட கதவு, 443 ஒன்றுதான். அங்கேதான் ரிவர்ஸ் பிராக்ஸி, அதாவது எல்லாக் கோரிக்கைகளையும் வாசலில் வாங்கி உள்ளே இருக்கும் சேவைகளிடம் சேர்க்கும் இடைநிலைச் சர்வர், வருகிறது. உலாவி எந்தப் பெயரைத் தேடி வந்தது என்பதை இரண்டு இடங்களில் சொல்கிறது. மறைகுறியாக்கம் தொடங்கும்போதே எஸ்என்ஐ என்ற பகுதியில் ஒரு முறை, பிறகு கோரிக்கையோடு வரும் குறிப்பு வரிகளான ஹெட்டர்களில், ஹோஸ்ட் என்ற ஹெட்டரில் ஒரு முறை. என்ஜின்எக்ஸ் அந்தப் பெயரைப் பார்த்து உரிய சான்றிதழைக் காட்டுகிறது, கோரிக்கையை உரிய சேவைக்குக் கைமாற்றுகிறது, பதிலை வாங்கி உலாவிக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

இதற்கென்றே ஆயத்தமாக வரும் கருவிகள் உண்டு. டிராஃபிக் என்ற கருவி கன்டெய்னர்களைத் தானே கண்டுகொள்ளும், கேடி என்ற கருவி சான்றிதழ்களைத் தானே வாங்கிக்கொள்ளும். இருந்தும் நான் என்ஜின்எக்ஸையே பயன்படுத்தினேன். 443 ஏற்கெனவே அதன் கையில் இருந்தது, அதன் அமைப்புக் கோப்புகளும் எனக்குப் பழக்கம். ஈகோர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்ட அந்த மென்பொருள் தொடக்கத்திலேயே அப்பாச்சி என்ற பழைய வலைச் சர்வருக்கு முன்னால் நின்று ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்குவதற்காக உருவானது. அதை பிராக்ஸியாக நிறுத்துவது அதன் இயல்பான வேலைதான். அந்தத் தேர்வில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

வீட்டுக் கணினியின் சங்கதி வேறு. வீட்டு இணைய நிறுவனம் எங்களுக்கென்று தனிப் பொது முகவரி தருவதில்லை. மோடத்தில் தெரிவது 100.64 என்று தொடங்கும் முகவரி. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதற்காக 2012-ல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. வெளியிலிருந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டவே வழியில்லை. அதனால் வீட்டுக் கணினி தானே வாடகைச் சர்வருக்கு வயர்கார்ட் என்ற மென்பொருளால் ஒரு மறைகுறியாக்கிய சுரங்கம் போட்டு, அதை 25 வினாடிக்கு ஒரு முறை உயிர்ப்போடு வைத்துக்கொள்கிறது. சுரங்கத்தின் சர்வர் முனை 10.8.0.1, வீட்டு முனை 10.8.0.2. என்ஜின்எக்ஸ் வீட்டுச் சேவைகளுக்கான கோரிக்கைகளை அந்தச் சுரங்கம் வழியே அனுப்புகிறது.

இவ்வளவும் ஓராண்டுக்கு மேல் தொல்லையில்லாமல் ஓடின.

ஒரே முகவரி

நெக்ஸ்ட்கிளவுடின் பதிவேட்டைத் திறந்தபோது விடை முதல் பக்கத்திலேயே இருந்தது. உள்நுழைவு தோல்வி, உள்நுழைவு தோல்வி என்று வரிவரியாக. எல்லாம் அத்தானின் பெயரில். தொலைவு முகவரி என்ற இடத்தில் ஒவ்வொரு வரியிலும் 172.18.0.1.

அத்தான் இரண்டு நாள் முன்பு கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். கைப்பேசியில் புதியதைக் கொடுத்தவர், கூடத்தில் கிடக்கும் பழைய டேப்லெட்டை மறந்துவிட்டார். அதிலிருந்த நாட்காட்டிச் செயலி பழைய கடவுச்சொல்லோடு விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்குபவர்களைத் தடுக்க நெக்ஸ்ட்கிளவுடில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு முகவரியிலிருந்து தோல்விகள் கூடக்கூட, அந்த முகவரிக்கான பதிலைத் தாமதப்படுத்தும். அதிகபட்சம் 25 வினாடிகள். அதற்கும் மேல் தொடர்ந்தால் 429 சொல்லி மறுத்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் 172.18.0.1 என்பது அத்தானின் முகவரி அல்ல. டாக்கர் உள்வலையில் சர்வருக்கே இருக்கும் முகவரி, அதாவது என்ஜின்எக்ஸ் வந்து நிற்கும் முகவரி. அக்கா, அம்மா, நான், அத்தானின் டேப்லெட் எல்லோரும் நெக்ஸ்ட்கிளவுடின் கண்ணுக்கு ஒரே ஆள். ஒருவருக்கு விதித்த தண்டனை நால்வருக்கும் விழுந்தது.

ஊர் வீடுகளில் வருகிறவர் திண்ணையிலேயே நிற்பார், யாராவது ஒருவர் உள்ளே போய்ச் சொல்வார். போகிறவர் "வந்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால் உள்ளே இருப்பவருக்கு என்ன தெரியும்? என் என்ஜின்எக்ஸ் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் இலக்கு முகவரியும் ஹோஸ்ட் ஹெட்டரும் மட்டுமே எழுதியிருந்தேன். சேவை திறந்தது, படங்கள் வந்தன, வேலை முடிந்ததென்று விட்டுவிட்டேன்.

உண்மையான முகவரியை உள்ளே சொல்வதற்கென்று சில ஹெட்டர்கள் வழக்கத்தில் இருக்கின்றன. பரவலானது எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார். ஸ்க்விட் என்ற பிராக்ஸியை எழுதியவர்கள் தொடங்கிய வழக்கம் அது, முறையான தரமாக வந்ததல்ல. 2014-ல் ஃபார்வர்டட் என்ற பெயரில் தரம் ஒன்று வந்தது, ஆனாலும் பழைய பெயரே புழக்கத்தில் நிற்கிறது. அதனோடு எக்ஸ்-ரியல்-ஐபி, வந்தது மறைகுறியாக்கிய இணைப்பா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ.

ஹெட்டரை அனுப்பினால் மட்டும் போதாது. அதை யார் சொன்னால் நம்பலாம் என்று உள்ளே இருக்கும் சேவைக்குத் தெரிய வேண்டும். நெக்ஸ்ட்கிளவுடில் நம்பத்தகுந்த பிராக்ஸிகளின் பட்டியலில் 172.18.0.1 ஒன்றை மட்டும் சேர்த்தேன். தேங்கியிருந்த தோல்விக் கணக்கை அதன் கட்டளை வழியே அழித்தேன். அம்மா உடனே உள்ளே போய்விட்டார். நானும் போனேன். அக்காவால் மட்டும் முடியவில்லை.

சில நிமிடம் குழம்பினேன். பிறகு அவரை வைஃபையை அணைத்துவிட்டுக் கைப்பேசி இணையத்தில் முயலச் சொன்னேன், திறந்துவிட்டது. காரணம் எளியது. டேப்லெட்டும் அக்காவின் கைப்பேசியும் ஒரே வீட்டில், ஒரே மோடத்தின் பின்னால் இருக்கின்றன. இப்போது நெக்ஸ்ட்கிளவுட் உண்மையான முகவரியைப் பார்க்கிறது, அந்த உண்மையான முகவரியே இருவருக்கும் ஒன்று. டேப்லெட்டை அணைக்கச் சொன்னதும் அது தீர்ந்தது. முகவரியை வைத்து ஆளை அறிவதற்கு இப்படி ஓர் எல்லை இருக்கிறது. ஒரு பொது முகவரியைப் பல வீடுகள் பகிரும் இணைப்புகளில், முன்பின் தெரியாத ஒருவரின் தோல்விகூட நம் தலையில் விழலாம்.

என்ஜின்எக்ஸ் பதிவேட்டில் இல்லாத வருகை

அன்றிரவே வால்ட்வார்டனுக்கும் அதே ஹெட்டர்களை எழுதினேன். கடவுச்சொற்களின் பெட்டகம் அது என்பதால் இரண்டு நாள் அதன் பதிவேட்டையும் என்ஜின்எக்ஸின் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு உள்நுழைவுக்கும் இரண்டிலும் ஒரே நேரம், ஒரே முகவரி இருக்க வேண்டும். இருந்தது, ஒன்றைத் தவிர. வால்ட்வார்டனில் ஒரு தோல்வி பதிவாகியிருந்தது. பயனர் பெயர் எங்கள் யாருடையதும் அல்ல, முகவரியும் தெரியாத ஒன்று. அதே நேரத்தில் என்ஜின்எக்ஸ் பதிவேட்டில் வால்ட்வார்டனுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.

முன்வாசலில் யாரும் வரவில்லை, ஆனால் வீட்டுக்குள் ஒரு குரல் கேட்டிருக்கிறது. அந்த வரியைப் படித்தபோது வயிறு கலங்கிப்போனது.

வால்ட்வார்டன் கன்டெய்னரைப் போர்ட் 8081-ல் வெளியிட்டிருந்தேன். என்ஜின்எக்ஸ் அதே இயந்திரத்தில் இருப்பதால் அதற்கு மட்டும் எட்டினால் போதும். யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் (தடுப்பு அரணில்) 22, 80, 443, வயர்கார்டுக்கான 51820 ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் உள்ளே வரக்கூடாது என்று விதித்திருந்தேன். நிலையைக் கேட்டால் இப்போதும் அதையே சொன்னது. கைப்பேசி இணையத்திலிருந்து சர்வரின் முகவரியையும் 8081-ஐயும் தட்டினேன். வால்ட்வார்டன் பதில் சொன்னது.

டாக்கர் ஒரு போர்ட்டை வெளியிடும்போது லினக்ஸின் வலைப் போக்குவரத்தை வடிகட்டும் ஐபி டேபிள்ஸ் விதிகளைத் தானே எழுதுகிறது. வரும் தரவுப் பொட்டலத்தின் இலக்கை அந்த விதிகள் தொடக்கத்திலேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றிவிடுகின்றன. அதன்பின் அது சர்வருக்கு வந்த பொட்டலமாகக் கருதப்படுவதில்லை, சர்வர் வழியே வேறோர் இடத்துக்குப் போகும் பொட்டலம் ஆகிவிடுகிறது. யூஎஃப்டபிள்யூவில் நான் எழுதிய விதிகளோ சர்வருக்கு வருபவற்றை மட்டுமே பார்க்கின்றன. இரண்டும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்கின்றன, ஒன்றின் பாதையில் மற்றொன்று இல்லை, அவ்வளவுதான். டாக்கரின் ஆவணத்திலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. நான் படித்திருக்க வேண்டும்.

இதன் விளைவு என்னவென்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்தப் போர்ட்டில் மறைகுறியாக்கம் கிடையாது. என்ஜின்எக்ஸில் வைத்திருந்த வேகக் கட்டுப்பாடு அங்கே செல்லாது. எல்லாவற்றையும்விட மோசமானது இது: வால்ட்வார்டன் வந்தவரின் முகவரியை எக்ஸ்-ரியல்-ஐபி ஹெட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். நேரே 8081-க்கு வருபவர் அந்த ஹெட்டரில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு புதுப் பொய் முகவரியைச் சொன்னால், முகவரியை எண்ணித் தடுக்கும் காவல் எதுவும் அவரைப் பிடிக்காது. என் அக்காவின் முகவரியையே சொல்லி அவரைத் தடைப்பட்டியலில் ஏற்றவும் முடியும்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என்ஜின்எக்ஸ், தான் மாற்றி எழுதாத ஹெட்டர்களை உலாவி அனுப்பியபடியே உள்ளே கடத்திவிடும். எக்ஸ்-ரியல்-ஐபியை நான் எழுதாமல் விட்டிருந்த அந்த ஓராண்டு முழுவதும், முன்வாசல் வழியே வந்தவர்கூடப் பொய் முகவரியைச் சொல்லி உள்ளே அனுப்பியிருக்கலாம். மௌனமாக இருந்த காவலர், பிறர் எழுதிக் கொடுத்த சீட்டையும் பிரிக்காமல் உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஓராண்டுப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் படித்தேன். தெரியாத சாதனத்திலிருந்து வெற்றிகரமான உள்நுழைவு ஒன்றுகூட இல்லை. பெட்டகம் உலாவியிலேயே மறைகுறியாக்கப்பட்ட பிறகுதான் சர்வருக்கு வருகிறது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் எல்லோருக்கும் இருந்தது. ஆனாலும் எல்லோரின் முதன்மைக் கடவுச்சொல்லையும் மாற்றச் சொன்னேன். அக்காவிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னேன். "இப்போது மூடிவிட்டாயா?" என்று மட்டும் கேட்டார்.

மூடிய விதம்

கன்டெய்னர்களின் போர்ட்டுகளை இயந்திரம் தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு சேர்த்து வெளியிட்டேன். இனி சர்வருக்குள்ளிருந்து மட்டுமே அவற்றை அணுக முடியும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டாக்கரின் 28-க்கு முந்தைய பதிப்புகளில், அதே உள்ளூர் வலைப்பிரிவில் இருக்கும் அண்டை இயந்திரங்கள் அப்படி வெளியிட்ட போர்ட்டுகளையும் எட்ட முடிந்தது. வாடகைச் சர்வர்களுக்கு அண்டை வீட்டார் யாரென்று தெரியாது, அதனால் பதிப்பையும் உயர்த்தினேன்.

என்ஜின்எக்ஸில், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரை உலாவி அனுப்பியதோடு ஒட்டிச் சேர்க்கும் வழக்கமான வரியை நீக்கிவிட்டு, தான் கண்ட முகவரியை மட்டும் எழுதும்படி மாற்றினேன். பல உதாரணங்களில் ஒட்டிச் சேர்க்கும் வரியே இருக்கும். முன்னால் இன்னொரு பிராக்ஸி இருந்தால் அது சரி. என் என்ஜின்எக்ஸுக்கு முன்னால் யாரும் இல்லை, ஆகவே வெளியிலிருந்து அந்த ஹெட்டரில் வரும் எதையும் நம்பக் காரணமும் இல்லை.

இந்த ஹெட்டர் வரிகளை ஒரே இடத்தில், மேல்மட்டத்தில் எழுதினால் எல்லாச் சேவைகளுக்கும் போய்ச் சேரும் என்று நினைத்திருந்தேன். சேரும், ஆனால் உள்மட்டத்தில் ஒரேயொரு ஹெட்டர் வரி எழுதினாலும் மேலிருந்து வந்தவை அத்தனையும் அங்கே செல்லாமல் போகும். ஹோம் அசிஸ்டன்டுக்கு வெப்சாக்கெட், அதாவது மூடாமல் இருபுறமும் பேசும் இணைப்பு, தேவை என்பதால் அதன் பகுதியில் இணைப்பை உயர்த்தும் இரண்டு வரிகளைச் சேர்த்தவுடன், முகவரி சொல்லும் வரிகள் அந்தச் சேவைக்கு மட்டும் ஓசையின்றி மறைந்துபோயின. இப்போது எல்லா ஹெட்டர்களையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, ஒவ்வொரு பகுதியிலும் அதை அழைக்கிறேன்.

அந்த வரிகள் ஹோம் அசிஸ்டன்டைச் சென்றடைந்ததும் அது 400 என்ற பிழையைக் காட்டி என்னை வெளியே நிறுத்தியது. 2021-ஆம் ஆண்டின் ஜூலைப் பதிப்பிலிருந்து, தனக்கு அறிமுகமில்லாத பிராக்ஸி கொண்டுவரும் கோரிக்கையை அது ஏற்பதில்லை. தன் பதிவேட்டில் 10.8.0.1-லிருந்து வந்ததாகத் தெளிவாக எழுதியும் வைத்தது. அந்த முகவரியை நம்பும் பட்டியலில் சேர்த்ததும் திறந்துவிட்டது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்யும் சேவையைவிட, யார் நீ என்று கேட்டு நிற்கும் சேவை நூறு மடங்கு மேல். நெக்ஸ்ட்கிளவுடும் வால்ட்வார்டனும் முதல் நாளே இப்படி மறுத்திருந்தால் ஓராண்டு போயிருக்காது.

ஜெல்லிஃபினில் இதே குறை வேறு வேடத்தில் இருந்தது. கோரிக்கைகள் எல்லாம் 10.8.0.1 என்ற தனியார் முகவரியிலிருந்து வந்ததால், கோவையில் படம் பார்க்கும் அக்காவையும் அது வீட்டுக்குள் இருப்பவர் என்றே எண்ணியது. வெளியாட்களுக்கு நான் வைத்திருந்த வேக வரம்பு அவருக்குப் பொருந்தவில்லை. வீடியோ முழு அளவில் வீட்டின் மேலேற்ற இணைப்பை நிரப்ப, அந்த நேரத்தில் அம்மாவின் வீடியோ அழைப்பு திக்கித் திணறியது. பல மாதங்கள் நான் இணைய நிறுவனத்தைக் குறை சொல்லியிருக்கிறேன். அறிந்த பிராக்ஸிகளின் பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்த்ததோடு அது முடிந்தது.

சிறு சங்கதிகள்

ஆய்வின் போக்கில் கண்ட வேறு சில குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஐபி முகவரியை மட்டும் தட்டிக்கொண்டு வருபவருக்கு, பெயர் பொருந்தாதபோது என்ஜின்எக்ஸ் தான் முதலில் படித்த தளத்தையே காட்டும். கோப்புகள் அகரவரிசையில் படிக்கப்படுவதால் என் சர்வரில் அந்த முதல் தளமாக நெக்ஸ்ட்கிளவுடின் உள்நுழைவுப் பக்கம் அமைந்திருந்தது. 1.19.4 பதிப்பிலிருந்து, பெயர் தெரியாத இணைப்பை மறைகுறியாக்கம் தொடங்கும் நிலையிலேயே மறுக்கும் வசதி இருக்கிறது. அதை முன்னிருப்பாக வைத்தேன்.

ஒவ்வொரு சேவைக்கும், இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டிடம் தனித்தனிச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். வழங்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன, ஆகவே துணைப்பெயர்கள் அனைத்தும் உலகுக்குத் தெரிந்தவை. 2018 முதல் அவர்கள் தரும், எல்லாத் துணைப்பெயர்களுக்கும் ஒன்றாகப் பொருந்தும் வைல்ட்கார்டு சான்றிதழுக்கு மாறிவிட்டேன். அதற்கு டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் அமைப்பு) வழிச் சரிபார்ப்பு கட்டாயம். பெயரை மறைப்பதைக் காவலாக நான் எண்ணவில்லை, ஆனால் பெட்டகத்தின் பெயரை நானே பறையறைந்து சொல்லவும் வேண்டியதில்லை. காலாவதியாகப் போவதை நினைவூட்டும் மின்னஞ்சல்களை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், அதைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு செய்துகொண்டேன்.

புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளே சந்திக்கப்போவது 413 பிழையைத்தான். கோரிக்கையின் உடல் 1 எம்பிக்கு மேல் போனால் என்ஜின்எக்ஸ் மறுத்துவிடும், ஒரு கைப்பேசிப் படமே அதைத் தாண்டும். அந்த வரம்பை நெக்ஸ்ட்கிளவுடுக்கு மட்டும் உயர்த்தினால் போதும்.

கட்டுரைத் தளமும் குடும்பச் சேவைகளும் ஒரே என்ஜின்எக்ஸில் இருப்பது ஆபத்தில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அமைப்பில் பிழை இருந்தால் மறு ஏற்றத்தின்போது அது புதியதை ஏற்காமல் பழைய அமைப்போடு தொடரும். முழுதாக நிறுத்தித் தொடங்கினால்தான் எல்லாம் சேர்ந்து விழும். ஆகவே சோதனைக் கட்டளையை ஓட்டாமல் எதையும் தொடுவதில்லை. அந்த ஒழுங்கு இருக்கும்வரை ஒன்றே போதும் என்பது என் முடிவு. இரண்டு பிராக்ஸிகள் வைத்தால், முகவரியைச் சரியாகச் சொல்ல வேண்டிய இடங்களும் இரண்டாகும்.

இப்போது மாதம் ஒரு முறை, சர்வருக்கு வெளியே இருக்கும் ஓர் இயந்திரத்திலிருந்து என்மேப் என்ற போர்ட் சோதனைக் கருவி கொண்டு எல்லாப் போர்ட்டுகளையும் தட்டிப் பார்க்கிறேன், ஐபிவி4 முகவரியிலும் ஐபிவி6 முகவரியிலும். ஃபயர்வால் தன்னைப் பற்றிச் சொல்லும் நிலையை இதற்குச் சான்றாக எடுப்பதில்லை. பிறகு கைப்பேசி இணையத்திலிருந்து ஒவ்வொரு சேவையிலும் வேண்டுமென்றே ஒரு முறை தவறான கடவுச்சொல்லைக் கொடுத்து, அதன் பதிவேட்டில் என் கைப்பேசியின் முகவரி வருகிறதா என்று பார்க்கிறேன். சென்ற மாதம் நான்கிலும் வந்தது. அத்தானின் டேப்லெட்டுக்கு நெக்ஸ்ட்கிளவுடில் தனிச் செயலிக் கடவுச்சொல் ஒன்று உருவாக்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த முறை அவர் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினாலும் அது பழையபடி நாட்காட்டியைக் காட்டிக்கொண்டிருக்கும்.